இன்ஹேலர் அடிக்கிற பையன் ஓட்டப் பந்தயத்தில் ஓடலாமா?

ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே. நானூறு மீட்டர் ஓட்டத்தில் உங்கள் பையன் மூன்றாவதாக வந்து நிற்கிறான். கைதட்டி முடிப்பதற்குள் அவனுக்கு இருமல் ஆரம்பிக்கிறது. ஐந்து நிமிஷத்தில் நெஞ்சில் விசில் சத்தம். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை உறிஞ்சுகிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர் உங்கள் காதோரமாக, "அதுல ஸ்டீராய்டு இருக்குமாமே? உடம்பு பலமே போயிடுமாம். பேசாம விளையாட்டை நிறுத்திடுங்க" என்கிறார். இன்னொருவரோ, "ஸ்டீராய்டுன்னா பலம் ஏறும்னுல்ல சொல்றாங்க! பந்தயத்துல பிடிச்சிடப் போறாங்க" என்கிறார்.

அன்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வருமா? பல வீடுகளில் மறுநாளே இன்ஹேலர் அலமாரிக்குள் போய்விடுகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு மாத்திரை பறித்த தங்கம்

1972-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ரிக் டிமான்ட் என்ற பையனுக்கு அப்போது வயது 16. சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. நானூறு மீட்டர் நீச்சலில் ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பரை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முந்தித் தங்கம் வாங்கினான். பிறகு சிறுநீர்ச் சோதனையில் 'எஃபெட்ரின்' என்ற பொருள் இருப்பது தெரிந்தது. இழுப்புக்காக அவன் வழக்கமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரையில் இருந்ததுதான் அது. தான் சாப்பிடும் மருந்துகளை முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அதைக் கவனித்து ஒலிம்பிக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. தங்கம் பறிபோனது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறுதிப் போட்டியிலும் இறங்க விடவில்லை.

பையன் சோர்ந்து உட்காரவில்லை. அடுத்த வருஷமே, 1973-ல், பெல்கிரேடு நகரில் நடந்த உலகப் போட்டியில் நானூறு மீட்டரை நான்கு நிமிஷத்துக்குள் நீந்திய முதல் மனிதன் என்ற பெயரை வாங்கினான். தவறு தங்கள் பக்கம்தான் என்று அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2001-ல்!

ஆஸ்துமாக்காரர்களால் சாதிக்க முடியும் என்பதற்கு இது ஒன்று போதும். இன்னொன்றும் வேண்டுமானால், ஜாக்கி ஜாய்னர் கெர்ஸி. ஏழு போட்டிகள் சேர்ந்த ஹெப்டத்லானில் 1988, 1992 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியவர். அவருக்கும் ஆஸ்துமாதான்.

இன்ஹேலர் என்ன செய்கிறது?

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கியிருக்கும். அதைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது வாயால் வேகமாக மூச்சு வாங்குகிறோம் இல்லையா? உலர்ந்த காற்று உள்ளே போய் மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. உடனே தசை இறுகுகிறது. அதனால்தான் ஓடும்போதைவிட ஓடி முடித்த சில நிமிஷங்களில் இழுப்பு அதிகமாகத் தெரிகிறது.

சால்ப்யூட்டமால் இன்ஹேலர் இந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடுகிறது. இது ஸ்டீராய்டு அல்ல. முதலில் இதை மனதில் வையுங்கள்.

ஆனால் கை, கால் தசைகளிலும் இதயத்திலும்கூட இந்த மருந்து வேலை செய்யும் இடங்கள் உண்டு. அதனால்தான் சிலருக்கு விரல் நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. அளவு அதிகமானால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசை சோர்ந்து போகலாம். டாக்டர் சொன்ன அளவில் உறிஞ்சும்போது நடுக்கம் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். தசை பலம் போவதில்லை.

சரி, பலம் ஏறுமா? ஆஸ்துமா இல்லாத விளையாட்டு வீரர்களுக்கு வழக்கமான அளவில் இன்ஹேலர் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நீண்ட தூர ஓட்டம், சைக்கிள் போன்றவற்றில் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் எதுவும் இல்லை. அதே மருந்தை மாத்திரையாகச் சில வாரங்கள் கொடுத்த சில ஆய்வுகளில் தசை பலம் சற்றுக் கூடியது. காரணம் அளவுதான். ஒரு தடவை உறிஞ்சினால் 100 மைக்ரோ கிராம். 2 மில்லி கிராம் மாத்திரை ஒன்று அதைப்போல் 20 மடங்கு! அதனால்தான் போட்டிகளில் இந்த மாத்திரைக்குத் தடை. இன்ஹேலருக்கு அளவோடு அனுமதி.

பெயர் ஒன்று, வேலை வேறு

இப்போது 'ஸ்டீராய்டு' பூதத்துக்கு வருவோம். ஜிம்மில் சிலர் திருட்டுத்தனமாக ஊசி போட்டு உடம்பை முறுக்கேற்றிக் கொள்கிறார்களே, அது ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்குக் கொடுப்பது வீக்கத்தைக் குறைக்கும் வகை. இரண்டுக்கும் பெயர்தான் ஒற்றுமை. இது தசையை வளர்க்காது.

அப்படியானால் தசையைக் கரைக்குமா? இங்கேதான் மாத்திரையையும் இன்ஹேலரையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் தொடை, இடுப்பு, தோள் தசைகள் மெலியும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. படி ஏறினால் கால் துவளும். தலை வாரக் கையைத் தூக்குவதே சிரமமாகும். எலும்பும் பலவீனமாகும். கடுமையான இழுப்பு வந்தபோது டாக்டர் ஐந்து, ஏழு நாட்களுக்குக் கொடுப்பது வேறு. அது உயிர் காக்கும். அந்தப் பழைய சீட்டை வைத்து நாமே திரும்பத் திரும்ப வாங்கிச் சாப்பிடுவதுதான் வினை. நெடுநாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்ஹேலரில் வரும் பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டுகள் மைக்ரோ கிராம் அளவில் நேராக மூச்சுக்குழாய்க்கே போகின்றன. வழக்கமான அளவில் கை, கால் தசை மெலிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. தொண்டை கரகரப்பு, நாக்கில் வெள்ளைப் படலம் வரலாம். உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

குழந்தைகளின் உயரம் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் பியூடசோனைடு தினமும் எடுத்த குழந்தைகளை வளர்ந்து பெரியவர்களாகும்வரை கவனித்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு. அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் மூச்சுத் திணறிக் கண்விழிக்கும் குழந்தைக்கு எது முக்கியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நீல இன்ஹேலர் மட்டும் போதாது

'ஸ்டீராய்டு வேண்டாம், அந்த நீல இன்ஹேலரே போதும்' என்று நினைப்பவர்கள் உண்டு. இறுக்கம் தளரும், ஆனால் உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். அடிக்கடி அடித்தால் மருந்துக்கு உடம்பு பழகி, பலனும் குறையும். சால்ப்யூட்டமாலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழுவான 'ஜினா' 2019-ல் பெரியவர்களுக்கும் 12 வயது தாண்டியவர்களுக்கும் சொல்லிவிட்டது. வருஷத்தில் மூன்று நீல இன்ஹேலர் அல்லது அதற்கு மேல் தீர்ந்தால், நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

மைதானத்துக்குப் போகும் முன்...

* தடுப்பு மருந்தைச் சொன்னபடி எடுங்கள். 'இன்னிக்கு நல்லாத்தானே இருக்கு' என்று விடாதீர்கள்.
* ஓடும் முன் பத்து, பதினைந்து நிமிஷம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும். இதனாலேயே பலருக்கு இழுப்பு குறையும்.
* விளையாட்டுக்கு முன் இன்ஹேலர் எடுக்க டாக்டர் சொல்லியிருந்தால், கால் மணி நேரம் முன்பு எடுக்கலாம்.
* சளி, காய்ச்சல், புகை, தூசி அதிகமாக உள்ள நாட்களில் கடும் பயிற்சி வேண்டாம்.
* பி.டி. மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இன்ஹேலர் பையனின் பாக்கெட்டில் இருக்கட்டும். பூட்டிய ஆபீஸ் ரூமில் இருந்து என்ன பயன்?
* மருந்து எடுத்தும் மூச்சு அடங்கவில்லை, முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு

பிள்ளை மாநில, தேசிய அளவுக்குப் போனால் ஊக்கமருந்து விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான 'வாடா' விதிப்படி உறிஞ்சும் சால்ப்யூட்டமால் 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோ கிராம் வரை, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகாமல் எடுக்கலாம். உறிஞ்சும் ஸ்டீராய்டுக்குத் தடையில்லை. ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போட்டி சமயத்தில் தடை உண்டு. தடையுள்ள மருந்து சிகிச்சைக்குக் கட்டாயம் தேவையென்றால் முறைப்படி விண்ணப்பித்து விலக்கு வாங்கலாம். நம் நாட்டில் இதைக் கவனிப்பது 'நாடா' அமைப்பு. பட்டியல் வருஷா வருஷம் மாறும் என்பதால் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு தடவை சரிபாருங்கள்.

'கொழுப்பைக் கரைத்துச் சதையை ஏற்றும்' என்று ஜிம் பக்கம் யாராவது கிளென்ப்யூட்டரால் மாத்திரை நீட்டினால், வாங்கவே வேண்டாம். அதுவும் ஆஸ்துமா மருந்தின் இனம்தான். ஆனால் விளையாட்டில் எப்போதும் முழுத் தடை, இதயத்துக்கும் ஆபத்து.

அந்த ஸ்போர்ட்ஸ் டே பையனுக்கு வருவோம். அவன் மூச்சு வாங்கியது மருந்தினால் அல்ல, சரியாக மருந்து எடுக்காததால். அலமாரிக்குள் வைத்த இன்ஹேலரை எடுத்து அவன் கையில் கொடுங்கள். டாக்டரிடம் ஒருமுறை உறிஞ்சும் முறையைச் சரிபார்த்துக் கொண்டு வாருங்கள். அடுத்த வருஷப் பந்தயத்தில் அவன் நிச்சயம் ஓடட்டும்.