கோழி இறக்கையைக் கரித்தணலில் மொறுமொறுப்பாகச் சுடும் முறை

கோழி மாமிசத்தில் இறக்கையை அற்பமாக எண்ணிக் குழம்பில் போட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். தோலும், கொழுப்பும், எலும்பை ஒட்டிய சதையும் ஒருங்கே அமைந்த இப்பகுதியே தணலில் சுடுவதற்கு மிகவும் ஏற்றதாகும். ஆயினும், பக்குவமறியாது சுட்டால் மேலே கருகியும் எலும்பருகே பச்சையாகவும் போய்விடும். வேகாத கோழி மாமிசத்தில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் முதலிய நோய்க்கிருமிகள் உயிரோடிருக்கக்கூடுமாதலால், இக்குறை ருசியை மட்டுமன்றி வீட்டாரின் சுகத்தையும் கெடுப்பதாகும்.

தோலைப் பக்குவப்படுத்தல்: நம் கடைகளில் பிராய்லர் கோழியைப் பெரும்பாலும் தோலுரித்தே கொடுக்கின்றனர். மொறுமொறுப்பு உண்டாவது தோலிலேயாகும். ஆகவே, வெந்நீரில் முக்கி இறகு நீக்கிய, தோலுடன் கூடிய இறக்கைகளைக் கேட்டு வாங்குதல் வேண்டும். சதையற்ற நுனியை வெட்டிச் சூப்பிற்கு ஒதுக்கி, எஞ்சியதை மூட்டில் இரண்டாகப் பிரித்துக்கொள்க. பச்சை மாமிசத்தைக் கழுவினால் தெறிக்கும் நீர் கிருமிகளைப் பரப்பும். காகிதத்தால் ஈரத்தை ஒற்றியெடுப்பதே நன்று.

தோலில் நீர் உள்ளவரை அதன் உஷ்ணம் 100 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறாது. எனவே அது சிவக்கவும் செய்யாது. 1 கிலோ இறக்கைக்கு 12 கிராம் உப்பும் 10 கிராம் பேக்கிங் பவுடரும் கலந்து தடவி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மற்றப் பண்டங்களில் படாதவாறு, 8 மணி நேரம் மூடாமல் வைத்திடுக. தோல் உலர்ந்துவிடும். பேக்கிங் பவுடரின் காரத்தன்மை தோல் விரைவில் சிவக்க உதவுகிறது. அதற்குப் பதிலாக அதே அளவு சமையல் சோடாவை இட்டால் கசக்கும்.

தணல் அமைத்தல்: மரக்கரியோ கொட்டாங்கச்சிக் கரியோ எதுவும் தகும். கரி நன்கு பற்றி, மேலே வெண்சாம்பல் பூத்தபின் அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவிக்க வேண்டும். மறுபாதி வெறுமையாக இருக்கட்டும். வேலிக்கு உதவும் துத்தநாகம் பூசிய கம்பி வலையைத் தணல்மேல் உபயோகித்தல் கூடாது. சூட்டில் அதிலிருந்து எழும் புகை தீங்கானது. பூச்சில்லாத இரும்புக் கம்பிகளே ஏற்றவை.

சுடுதல்: முதலில் இறக்கைகளைத் தணல் இல்லாத பாதியில் பரப்பி, மூடியிட்டு 25 முதல் 30 நிமிஷம் வரை வேகவிடுக, நடுவில் ஒருமுறை திருப்புக. அடியிலுள்ள கொழுப்பு மெல்ல உருகி வடியும். பிறகு தணல் மீது மாற்றி, அடிக்கடி புரட்டி, 5 முதல் 8 நிமிஷம் சுட்டால் தோல் பொன்னிறமாய் மொறுமொறுக்கும். ஒழுகும் கொழுப்பினால் சுவாலை எழுந்தால் உடனே மறுபக்கம் நகர்த்துக. எலும்பருகே உஷ்ணம் 74 டிகிரிக்குக் குறையலாகாது. 80 முதல் 85 டிகிரி எய்தினால் சவ்வும் இளகி மிருதுவாகும். நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்யாமல் உஷ்ணமானி கொண்டு அறிதலே உத்தமம். வெல்லமோ தேனோ கலந்த பூச்சு எளிதில் கருகுமாதலால், இறக்குவதற்கு 2 நிமிஷத்திற்கு முன்னரே தடவ வேண்டும்.

எச்சரிக்கை: மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுதல் உயிருக்கே ஆபத்து. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. திறந்த வெளியிலேயே சுட வேண்டும். பச்சை மாமிசம் வைத்த தட்டையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவாமல் சுட்ட பண்டத்திற்கு எடுத்தலாகாது.

முற்றிலும் ஆறிய சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்பும் உண்டு. அதனை வீணாக்காது எருக்குழியில் சிறிது சிறிதாகத் தூவி வந்தால், அடுக்களையில் செலவான கரி கழனிக்கும் பயன் தருவதாகும்.