அடம் பிடிக்கும் வயது: அடிக்காமல், மிரட்டாமல் வழிநடத்த

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்குச் சமணக் காஞ்சி என்றும் பெயர். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது. அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கையோடு, அவர்களில் ஒருவரான நேமிநாதருக்கு உறவினராகச் சமண மரபு சொல்லும் கண்ணனின் கதையும் ஓவியமாக விரிகிறது. கண்ணனின் குறும்பு என்றால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் நம் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டால் மட்டும் "திமிர் பிடிச்சது", "செல்லம் குடுத்துக் கெட்டுப்போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும்.

இரண்டு முதல் ஆறு வயது வரை பிள்ளைகள் காட்டும் அடத்தில் பெரும்பகுதி, அவர்கள் இன்னும் பழகாத ஒரு திறனின் குறை. காத்திருக்க, பகிர்ந்துகொள்ள, கோபத்தை வாயால் சொல்ல யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மூளை எவ்வளவு தயார்?

ஐந்து, ஆறு வயதுக்குள் குழந்தையின் மூளை, அளவில் பெரியவர்களின் மூளையில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனால் ஆசையை அடக்கவும், யோசித்துச் செயல்படவும் உதவும் நெற்றிப் பகுதி மூளை முழு முதிர்ச்சி அடைய இருபது வயதைத் தாண்டிவிடும். "எத்தனை தடவை சொல்றது?" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். சொன்னது பிள்ளைக்குப் புரிந்திருக்கும். பொம்மையைக் கண்டதும் பாயும் கையைப் பிடித்து நிறுத்தும் திறன்தான் இன்னும் வந்திருக்காது. பல முறை சொல்வதும், உடனிருந்து செய்ய வைப்பதும் இந்த வயதுக்கான இயல்பான பயிற்சி.

தறி வீட்டுப் பிள்ளை

காஞ்சிபுரம் வட்டாரத்து நெசவு வீடுகளில் தறியே வீட்டின் நடுநாயகம். ஒருவர் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் தார் சுற்றுவார். பட்டு நூலும் ஜரிகையும் விலை உயர்ந்தவை. அதனால் பிள்ளையின் காதில் நாள் முழுக்க விழுவது "தொடாதே", "கிட்ட வராதே", "சும்மா இரு" என்ற சொற்கள்தான். முகூர்த்த மாதங்களுக்கு முன் வேலை கூடும்போது அம்மா, அப்பாவின் கவனம் இன்னும் குறையும். அந்த நாட்களில் பிள்ளையின் சிணுங்கல் கூடினால் அதில் வியப்பில்லை.

இந்த "சும்மா இரு"வுக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளிக்கு அருகே இன்னொரு ஆள் தேவை. ஒரு காலத்தில் அந்த இடத்தில் சிறுவர்களே உட்கார்ந்தார்கள். குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டமும் இயக்கங்களும் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பின. ஆனால் அசையாமல் உட்கார்ந்தால்தான் நல்ல பிள்ளை என்ற அளவுகோல் மட்டும் பல வீடுகளில் தங்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதற்கு நேர்மாறானது: மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் விளையாட்டாக இருக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே ஓரளவு சரிசெய்யலாம். தறியிலிருந்து தள்ளி, பிள்ளை எதை வேண்டுமானாலும் தொடலாம் என்று ஒரு மூலையை ஒதுக்குங்கள். காலித் தார்க்குச்சி, பழைய துணி, கிண்ணம், கரண்டி போதும். வேலையில் உட்காரும் முன் பத்து நிமிடம் பிள்ளையோடு மட்டும் இருங்கள். கேட்காமலே கிடைக்கும் கவனம், அழுது வாங்கும் தேவையைக் குறைக்கும்.

அழுகைக்கு முன்னால் என்ன நடந்தது?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் கீழ் தமிழகத்தில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. ஒரே அறையில் இரண்டரை வயதும் ஐந்து வயதும் கலந்திருக்கும். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். அங்கே ஒவ்வொரு சண்டைக்கும் ஓடிக்கொண்டிருப்பதைவிட, சண்டை பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

ஒரு வாரம் கவனித்து மூன்றே கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். அழுகைக்கு முன்னால் என்ன நடந்தது? பிள்ளை என்ன செய்தது? அதன் பிறகு அதற்கு என்ன கிடைத்தது? பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும். சாப்பாட்டுக்குக் கை கழுவ எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தால் தள்ளுமுள்ளு வரும். நான்கு நான்கு பேராக அனுப்பினால் அடங்கும். ஒரே பந்துக்குப் பத்துப் பேர் என்றால் அடிதடி நிச்சயம். விளையாட்டைத் திடீரென்று நிறுத்தினால் அழுகை வரும். "இன்னும் ஒரு பாட்டு, அப்புறம் உள்ளே போகலாம்" என்று முன்கூட்டியே சொன்னால் குறையும். தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்றுதான் பெயர். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாட்டைவிட நல்ல மணி இல்லை.

மூன்றாவது கேள்வி முக்கியம். கத்தியதும் பிஸ்கட் கிடைத்தால், கத்தினால் பிஸ்கட் வரும் என்பதே பிள்ளை கற்ற பாடம். அதை நிறுத்தும் முதல் சில நாட்களில் கத்தல் இன்னும் கூடும். அங்கே நாம் தளர்ந்துவிட்டால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

சொல்லும் விதம்

செய்யக் கூடாததைச் சொல்வதைவிட, செய்ய வேண்டியதைச் சொன்னால் சிறு பிள்ளைக்கு எளிதில் பிடிபடும்.

• "ஓடாதே" என்பதற்கு: "மெதுவா நடந்து வா கண்ணு."
• "கத்தாதே" என்பதற்கு: "என் காதுல மெதுவா சொல்லு."
• "நூலைத் தொடாதே" என்பதற்கு: "கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாரு."
• "சாப்பிடுறியா இல்லையா?" என்பதற்கு: "முட்டையை முதல்ல சாப்பிடுறியா, சாதத்தை முதல்ல சாப்பிடுறியா?"
• "பொம்மையை எடுத்து வைக்கலைன்னா பாரு" என்பதற்கு: "பொம்மையை எடுத்து வச்சதும் வெளியே போகலாம்."

பாராட்டும் குறிப்பாக இருக்கட்டும். "சமத்து" என்றால் எதற்கு என்று பிள்ளைக்குத் தெரியாது. "தம்பிக்கு ஊஞ்சலை விட்டுக் குடுத்தியே, நல்லாயிருந்துச்சு" என்றால் நாளைக்கும் அதைச் செய்யத் தோன்றும்.

அடம் உச்சத்தில் இருக்கும்போது

தரையில் புரண்டு அழும் நேரத்தில் எந்த அறிவுரையும் உள்ளே போகாது. அடிபடாதபடி கூரான, கனமான பொருட்களை நகர்த்துங்கள். பிள்ளையின் கண் மட்டத்துக்குக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கோவமா இருக்கா? நான் இங்கேயே இருக்கேன்" என்று சொன்னால் போதும். கேட்டதைக் கொடுக்கவும் வேண்டாம், விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டவும் வேண்டாம். அழுகை அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு இரண்டு வரியில் பேசுங்கள். தனி அறையில் அடைப்பதும், மற்ற பிள்ளைகள் முன் கேலி செய்வதும் கூடாது.

கடிப்பது, பேச்சு முழுதாக வராத வயதில் பரவலாகக் காணப்படுவது. கடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கடித்த பிள்ளையிடம் "கடிச்சா வலிக்கும். வேணும்னா 'குடு'ன்னு கேளு" என்று சொல்லி, அங்கேயே கேட்க வையுங்கள். திருப்பிக் கடித்துக் காட்டினால், பெரியவர்களும் கடிக்கலாம் என்றே அது புரிந்துகொள்ளும்.

ஊசியும் பூச்சாண்டியும் பிரம்பும்

"அழுதா நர்ஸம்மாகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்பது நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கும் மிரட்டல். கிராமச் சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி போட வரும் இடமும் பல ஊர்களில் அங்கன்வாடிதான். ஒன்றரை வயதை ஒட்டி ஒரு ஊக்கத் தவணை, ஐந்து முதல் ஆறு வயதுக்குள் இன்னொன்று என்று பிள்ளை ஊசிக்குக் கை நீட்ட வேண்டியிருக்கிறது. தண்டனையாகவே ஊசியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை மருத்துவமனை வாசலிலேயே அலறும். உடம்புக்கு முடியாததைக்கூட மறைக்கும். போலீஸ் மிரட்டலும் அப்படியே: தொலைந்துபோனால் யாரிடம் உதவி கேட்க வேண்டுமோ, அவரைக் கண்டே ஓடும்.

அடியைப் பற்றிய ஆய்வு முடிவுகள் தெளிவானவை. சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகள் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு, அடி வாங்கி வளரும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அடியால் கீழ்ப்படிதல் வளர்ந்ததாகத் தெரியவில்லை. சுவீடன் 1979இலேயே வீட்டிலும் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மனத்தைத் துன்புறுத்துவதையும் விலக்குகிறது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தும் நியாயம் மூன்று வயதுக்கு இன்னும் பொருந்தும். மனம், மொழி, மெய் மூன்றாலும் பிற உயிரைத் துன்புறுத்தாதே என்பது திருப்பருத்திக்குன்றம் போற்றிவந்த சமண நெறியின் முதல் விரதம். பிள்ளை வளர்ப்பில் நாம் அடிக்கடி தவறுவது அந்த நடுவிலுள்ள மொழியில்தான்.

உடல்நலக் குறை ஒளிந்திருக்கலாம்

பிள்ளையைக் குறை சொல்லுமுன் உடம்பைப் பாருங்கள்.

• தூக்கம்: மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை. இரவு வெகுநேரம் விழித்த பிள்ளை மறுநாள் எரிந்து விழும்.
• பசி: காலையில் வெறும் டீ, பிஸ்கட்டோடு வரும் பிள்ளைக்குப் பதினோரு மணிக்கே பொறுமை போய்விடும்.
• ரத்தசோகை: ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்துக் குறைவு சோர்வையும் எரிச்சலையும் கவனக் குறைவையும் தரும்.
• காது: அடிக்கடி சளி பிடித்து, காதில் நீர் கோத்திருந்தால் கூப்பிட்டது கேட்காது. அதை "சொன்ன பேச்சு கேக்கலை" என்று எண்ணிவிடுகிறோம்.
• செல்போன்: இரண்டு முதல் நான்கு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறையக் குறைய நல்லது. இரண்டு வயதுக்குள் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், வந்த பேச்சு மறைந்தால் காத்திருக்க வேண்டாம். அடம் பெரும்பாலும் அரைமணி நேரம் வரை நீண்டாலும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலும், நான்கு வயதுக்குப் பிறகும் தினம் பலமுறை வந்தாலும் காட்டிவிடுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறை வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. உங்கள் சந்தேகத்தை முன்கூட்டியே டீச்சரிடம் சொல்லிவையுங்கள். பிள்ளையைச் சமாளிக்க முடியாமல் உங்களுக்கே மனம் சோர்ந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். எந்தக் குழந்தையாவது துன்புறுத்தப்படுவது தெரிந்தால் 1098.

வீடும் மையமும் ஒரே பேச்சு

மையத்தில் அடிக்காத டீச்சர், வீட்டில் தலையில் குட்டும் தாத்தா என்றால் பிள்ளை குழம்பும். அழைத்துப் போக வரும் ஆயாவிடமோ அப்பாவிடமோ டீச்சர் நாள்தோறும் ஒரு நல்ல செய்தி சொல்லட்டும்; புகாரை மற்ற பிள்ளைகள் இல்லாதபோது சொல்லட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. இந்த வாரம் ஒரே ஒரு விதியை இருவரும் பேசி எடுத்துக்கொள்ளுங்கள்: வேண்டியதைப் பிடுங்காமல், வாயால் கேட்க வேண்டும். பிள்ளை அப்படிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் காது கொடுங்கள். கேட்டால் பலன் உண்டு என்று தெரிந்த பிள்ளைக்குப் பிடுங்கும் தேவை குறைந்துகொண்டே வரும்.