புண்ணாக்கை அள்ளி வைத்தால் பால் கூடுமா?



குழுக்கடனில் எருமை வாங்கி வளர்க்கிறோம். பால் கூடட்டும் என்று கடலைப் புண்ணாக்கை அள்ளி வைக்கிறோம். ஆனால் ஓர் அளவுக்கு மேல் பால் கூடுவதில்லை. ஏன்?

புண்ணாக்கில் இருப்பது புரதச்சத்து. எருமையின் பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துத் தாங்கள் வளர்கின்றன. பிறகு அவையே எருமைக்குச் சத்தாகின்றன. இதற்கு மாவுச்சத்தும் வேண்டும். அது போதாமல் புரதம் மட்டும் மிஞ்சினால், யூரியாவாக மாறி மூத்திரத்தில் போய்விடும். சரியாகத் தீனி போட்டாலும் அதிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் பாலில் சேரும். புண்ணாக்கு மிஞ்சினால் அதுவும் குறையும். நம்ம காசுதான் சாக்கடையில் ஓடுது!

வெறும் வைக்கோலும் போதாது. அதில் புரதம் மிகக் குறைவு.

நாமே கலக்கலாம். 100 கிலோ தீவனத்துக்கு:

- மக்காச்சோளம் அல்லது கம்பு – 40 கிலோ
- கடலைப் புண்ணாக்கு – 25 கிலோ
- தவிடு – 32 கிலோ
- தாது உப்புக் கலவை – 2 கிலோ
- சாப்பாட்டு உப்பு – 1 கிலோ

உடம்புக்கு தினம் 1 கிலோ, அதோடு கறக்கும் ஒவ்வொரு 2 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ வையுங்கள். பசும்புல்லும் வைக்கோலும் எப்போதும்போல. புதுத் தீவனத்தை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

புண்ணாக்கில் மிச்சமாகும் காசு தவணைக்கு ஆகுமே!