குழந்தை, சமையல், கேமரா: வீட்டுப் படங்களைக் கம்ப்யூட்டரில் காப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே அதில் கொண்டு வந்து கொட்டுவது போட்டோக்களைத்தான். மொபைல் போனில் இடமில்லை என்ற செய்தி வந்தவுடன், "இனி எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்" என்று மொத்தமாக மாற்றிவிடுகிறோம். டெஸ்க்டாப்பில் நியூ போல்டர், நியூ போல்டர் 2, நியூ போல்டர் 3 என வரிசை கட்டி நிற்கும். ஆறு மாதம் கழித்துப் பையனின் முதல் பிறந்த நாள் படம் எங்கே என்று கேட்டால், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

பொள்ளாச்சியில் இருக்கும் என் அக்கா, வீடுகளுக்கே சென்று குழந்தைகளைப் படமெடுத்துத் தருபவர். ஸ்டுடியோ எதுவும் கிடையாது. காதுகுத்து, முதல் பிறந்த நாள், சோறு ஊட்டும் நாள் என்று அழைப்பு வந்தால் பையைத் தூக்கிக் கொண்டு கிளம்பிவிடுவார். மீதி நேரத்தில் அவருக்குச் சமையலறைதான் சோதனைக் கூடம். வரகில் இட்லி வருமா, கம்பில் தோசை மொறுமொறுப்பாகுமா என்று ஏதேனும் ஒன்று நடந்து கொண்டே இருக்கும். சாப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எட்டு வயது மகளும் மூன்று வயது மகனும் இருக்கிறார்கள். தொழிலுக்கும் சமையலுக்கும் அவர் ஒரே முறையில்தான் படமெடுத்து, ஒரே முறையில்தான் கம்ப்யூட்டரில் வைக்கிறார். அவருக்குக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவன் என்பதால் அந்த முறையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்களிடம் சாதாரண மொபைல் போன் இருந்தால்கூட இதனை அப்படியே பின்பற்றலாம்.

ஜன்னலைத் தேடுங்கள்

முதலில் படம் எடுப்பதைப் பார்ப்போம். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருகிறது. இதனால் பழைய சோக் வைத்த ட்யூப் லைட்டும், மலிவான எல்.இ.டி. பல்புகளில் பலவும் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகின்றன. கண்ணுக்கு இது தெரியாது. கேமராவின் ஷட்டர் வேகமாகத் திறந்து மூடினால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 விநாடியில் வைத்தால் பட்டை வராது. ஆனால் அந்த வேகத்திற்கு மூன்று வயதுப் பையன் அசையாமல் நிற்பானா? உட்கார்ந்து விளையாடும் குழந்தைக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500 என்பது அக்காவின் கணக்கு. எனவே வீட்டுக்குள் பகலில் படமெடுத்தால் விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையை ஜன்னல் பக்கம் கொண்டு வாருங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல் என்றால் மிகவும் நல்லது.

சாப்பாட்டுத் தட்டுக்கும் அதே ஜன்னல்தான். ஜன்னல் ஒளியும் விளக்கு ஒளியும் கலந்தால் தேங்காய்ச் சட்னி ஒரு பக்கம் நீலமாகவும் மறு பக்கம் மஞ்சளாகவும் தெரியும். தட்டின் பக்கவாட்டிலிருந்து ஒளி வரட்டும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை நிறுத்தினால் நிழல் குறையும். ஆவி பறப்பது படத்தில் தெரிய வேண்டுமென்றால், பின்னணி இருட்டாகவும் ஒளி பாத்திரத்திற்குப் பின்னாலிருந்தும் இருக்க வேண்டும். தாளிக்கும்போது மட்டும் லென்ஸைத் தள்ளியே வையுங்கள்.

குழந்தையைப் பார்த்து "சிரி, சிரி" என்று சொன்னால் பல்லைத்தான் காட்டும். அக்கா அப்படிச் சொல்வதில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறார். பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது, கறிவேப்பிலை ஆய்வது என்று அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்து செய்யும் வேலைகள். இரண்டு நிமிடத்தில் கேமராவை மறந்துவிடுவார்கள். அப்போது தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கண் மட்டத்தில் கேமராவை வைத்து எடுக்க வேண்டும். நின்று கொண்டே எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும். எந்த வீட்டிற்குப் போனாலும் அவர் முதலில் கேட்பது, "வீட்ல உரிக்கிறதுக்கு ஏதாவது இருக்குங்களா?" என்பதுதான்.

போட்டோவுக்குள் ஒரு கடிகாரம்

டிஜிட்டல் படம் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்புச் சீட்டு இருக்கிறது. எக்ஸிப் என்று பெயர். 1995ல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட முறை இது. படம் எடுத்த தேதி, நேரம், கேமராவின் மாடல், ஷட்டர் வேகம் ஆகியவை பைலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். இதனைப் பார்க்க, விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்திடவும். டேட் டேக்கன் என்ற வரியில் படம் எடுத்த நேரம் இருக்கும். பைலைக் காப்பி செய்யும்போது டேட் கிரியேட்டட் மாறிவிடும். டேட் டேக்கன் மாறாது. எனவே அதைத்தான் நம்ப வேண்டும்.

இதைச் சமையலுக்குப் பயன்படுத்தலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அக்கா கண்டுபிடித்தது. இட்லி மாவைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு, ஒரு படம் எடுத்துவிடுவார். பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு படம். எழுதி வைக்க நோட்டும் பேனாவும் தேவையில்லை. மே மாதத்தில் காலை 8.10க்கு முதல் படம், மதியம் 2.25க்கு மாவு இரு மடங்கு. அதாவது 6 மணி 15 நிமிடம். டிசம்பரில் அதே அரிசி, அதே உளுந்து, அதே 4க்கு 1 அளவு; காலை 7.30க்கு ஊற்றிய மாவு மாலை 6.15க்குத்தான் அந்த மட்டத்தைத் தொட்டது. 10 மணி 45 நிமிடம். குளிரில் மாவு மெதுவாகப் புளிக்கும் என்பது நம் பாட்டிகளுக்கெல்லாம் தெரியும். தன் வீட்டுச் சமையலறையில் எத்தனை மணி நேரம் என்பது இப்போது அக்காவுக்குத் தெரியும்.

ஒவ்வொரு சோதனையின் கடைசிப் படம், பிள்ளைகள் முதல் வாய் சாப்பிடும்போது எடுப்பது. வரகு இட்லியின் முதல் முயற்சிக்குப் பையன் காட்டிய முகம் இன்றும் அந்தப் போல்டரில் இருக்கிறது. அதற்கு மேல் குறிப்பு எழுதத் தேவையில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் இந்தக் குறிப்பு முழுவதும் தவறாகிவிடும். போனில் நேரம் தானாகவே சரியாகிக் கொள்ளும். தனிக் கேமராவில், அதுவும் வெகு நாட்கள் பேட்டரி இல்லாமல் கிடந்த கேமராவில், தேதி பழைய நிலைக்குப் போய்விடுவது உண்டு. விசேஷத்திற்குக் கிளம்பும் முன் பார்த்துக் கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது

ஆண்ட்ராய்ட் போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்தவுடன் போனில் ஓர் அறிவிப்பு வரும். அதில் பைல் ட்ரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் பைல் எக்ஸ்ப்ளோரரில் போனைத் திறந்தால் டி.சி.ஐ.எம். என்ற போல்டரும் அதற்குள் கேமரா என்ற போல்டரும் கிடைக்கும். படங்களை காப்பி செய்திடுங்கள். கட் செய்ய வேண்டாம். பாதி வழியில் கேபிள் கழன்றாலும் போனில் மூலப்படம் இருக்க வேண்டும் அல்லவா? காப்பி முடிந்தபின் இரு பக்கமும் பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சில படங்களைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகுதான் போனில் அழிக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு தகவல். 2017ல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் பல ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற வகையில் படங்களைச் சேமிக்கின்றன. விண்டோஸில் சில நேரம் இவை திறக்காது. போனின் செட்டிங்ஸில் கேமரா, பார்மட்ஸ் சென்று, மோஸ்ட் கம்பேட்டிபிள் தேர்ந்தெடுத்தால் அதன்பின் எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆகவே வரும்.

போல்டருக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2024-12-14 வரகு இட்லி 4-1 என்பது போல. இப்படி வைத்தால் பெயர்வரிசையே தேதிவரிசையாக அமைந்துவிடும். தமிழிலேயே பெயர் கொடுக்கலாம். விண்டோஸ் ஏற்றுக் கொள்ளும். ஆனால் 4:1 என்று கொடுக்க முடியாது. முக்காற்புள்ளி, சாய்வுக்கோடு, கேள்விக்குறி போன்றவற்றைப் பைல் பெயரில் விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஒரு போல்டரில் உள்ள படங்கள் அனைத்திற்கும் ஒரே பெயர் வேண்டுமா? எல்லாவற்றையும் செலக்ட் செய்து எப் 2 கீயை அழுத்தி, பெயரை டைப் செய்து எண்டர் தட்டுங்கள். 1, 2, 3 என்று எண்ணுடன் பெயர் மாறிவிடும்.

இதற்கெல்லாம் ஆல்பம் புரோகிராம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் நம்மில் பலரும் கூகுளின் பிகாசாவைப் பயன்படுத்தினோம். 2016ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் மட்டும் ஆல்பமாகத் தொகுத்து வைத்தவர்களின் உழைப்பு அதோடு நின்றது. போல்டருக்குப் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

வாட்ஸ் அப்பில் இருப்பது மூலப்படம் அல்ல

"படம்தான் வாட்ஸ் அப்பில் இருக்கிறதே" என்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். 2023ல் அக்கா ஒரு வீட்டில் சோறு ஊட்டும் விசேஷத்தைப் படமெடுத்தார். பாட்டியின் மடியில் பேத்தி. வீட்டார் தேர்ந்தெடுத்த நாற்பது படங்களை ஒரு பென் டிரைவில் கொடுத்தார். 2025ல் அந்தப் பாட்டி தவறிவிட்டார். 12க்கு 18 அங்குலத்தில் படம் போட வேண்டும் என்று தேடியபோது பென் டிரைவ் திறக்கவில்லை. போன் இரண்டு முறை மாறியிருந்தது. உறவினர் குழுவில் பகிர்ந்த படம் ஒன்றுதான் மிச்சம்.

வாட்ஸ் அப்பில் சாதாரண முறையில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருக்கப்படுகிறது. அவர்களிடம் இருந்த படத்தின் நீளம் 1600 பிக்ஸல். நல்ல பிரிண்டிற்கு அங்குலத்திற்கு 300 பிக்ஸல் தேவை என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 18 அங்குலத்திற்கு 5400 பிக்ஸல் வேண்டும். 1600 பிக்ஸலை அந்த அளவிற்கு இழுத்தால் அங்குலத்திற்கு 89 பிக்ஸல்தான். முகம் மாவு பூசியது போல் ஆகிவிடும். எக்ஸிப் தகவலும் அந்தப் படத்தில் இல்லை. எனவே எந்தத் தேதியில் எடுத்தது என்பதும் தெரியவில்லை.

அந்த வீட்டுப் பெண் அக்காவுக்குப் போன் செய்தார். மாசி மாதம் என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருந்தது. 2023-02, 2023-03 என்று தொடங்கும் போல்டர்களில் பார்த்து ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார். 6000க்கு 4000 பிக்ஸலில் மூலப்படம் அப்படியே இருந்தது. அதே போல்டரில், வீட்டார் தேர்ந்தெடுக்காமல் விட்ட படங்களும் இருந்தன. பேத்திக்கு ஊட்டும் முன், பாயசம் சுடுகிறதா என்று தன் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பாட்டியின் படம் ஒன்று. முகம் பாதிதான் தெரிகிறது என்பதால் அன்று ஒதுக்கப்பட்ட படம். அந்த வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருப்பது அதைத்தான்.

யாருக்காவது முழு அளவில் படம் அனுப்ப வேண்டுமானால், போட்டோவாக அனுப்பாமல் டாகுமெண்ட் ஆக இணைத்து அனுப்புங்கள். பைல் அப்படியே போகும்.

இரண்டாவது காப்பி எங்கே?

மூன்று காப்பிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பினார். வீட்டிற்கு இது அதிகம் என்று தோன்றலாம். குறைந்தது இதைச் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு காப்பி. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு காப்பி. காப்பி முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். எப்போதும் இணைந்தே இருந்தால், வைரஸ் வரும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும். அக்காவின் மூன்றாவது காப்பி உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறது. பண்டிகைக்குப் போகும்போது புதிய படங்கள் அதில் சேரும். பென் டிரைவையும் மெமரி கார்டையும் எடுத்துச் செல்ல மட்டும் பயன்படுத்துங்கள். சேமித்து வைக்க வேண்டாம். கூகுள் போட்டோஸில் போட்டு வைப்பதும் நல்லதுதான். ஆனால் 2021 ஜூன் 1 முதல் அதில் ஏற்றும் படங்கள் இலவச 15 ஜி.பி. கணக்கில் சேர்கின்றன, மெயிலுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜி.பி.

அனுப்பும் முன் ஒரு கிளிக்

போனில் லொகேஷன் வசதி இயங்கினால், படம் எடுத்த இடமும் எக்ஸிப் குறிப்பில் பதிவாகலாம். டாகுமெண்ட் ஆக அனுப்பும்போது அதுவும் சேர்ந்தே போகும். குழந்தையின் படத்தோடு வீட்டின் முகவரியையும் கொடுப்பது போலத்தான் இது. சொந்தக்காரர்களுக்குப் பரவாயில்லை, மற்றவர்களுக்கு அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள். முன்பு பார்த்த டீடெய்ல்ஸ் டேபின் கீழே ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன் என்ற வரி இருக்கும். அதில் கிளிக் செய்தால் இரண்டு வழிகள் கிடைக்கும். தகவல்களை நீக்கி ஒரு காப்பி உருவாக்கும் முதல் வழியைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அந்தக் காப்பியை மட்டும் அனுப்புங்கள். மூலப்படத்தில் தேதியும் நேரமும் அப்படியே இருக்கட்டும்.