படமும் ஒலியும் பிரிந்தால்

ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டியில், மைதானத்தின் ஒரு முனையில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்ப்பவர், மறுமுனையில் மட்டை பந்தின்மேல் படுவதை முதலில் கண்டு, அதன் ஓசையைப் பிறகே கேட்கிறார். மைதானத்தின் நீளம் ஏறக்குறைய 91 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் தூரமே செல்லக்கூடியது. ஆகையால் காட்சிக்கும் ஓசைக்கும் நடுவே கால் விநாடிக்குச் சற்று அதிகமான காலம் கழிந்துவிடுகிறது. அதை யாரும் ஒரு குறையாகக் கருதுவதில்லை. ஒளி முந்துவதும் ஒலி பிந்துவதும் இயற்கையின் நியதி. மனித மனம் பிறவி தொட்டு அதற்குப் பழகியிருக்கிறது. ஓசை முதலில் கேட்டு மட்டை பிறகு அசைவதென்பதோ எந்த மைதானத்திலும் நிகழாத காரியம். அந்த விபரீதம் நம் வீட்டுத் தொலைக்காட்சியில் நாள்தோறும் நிகழ்கிறது.

இந்த இரண்டு பிழைகளையும் மனம் ஒரே தராசில் நிறுப்பதில்லை என்பதை விஞ்ஞானிகள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர் கண்டுகொள்கிறார். பிந்தும்போதோ 125 மில்லி விநாடி வரையில் அவர் கண்டுகொள்வதில்லை. அதற்கும் முன்பே, 1976-இல், ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் வேறொரு விந்தையை வெளியிட்டிருந்தார்கள். ‘ப’கரம் போன்ற ஓசையைக் காதில் ஒலிக்கவிட்டு, ‘க’கரத்தை உச்சரிக்கும் உதடுகளைக் கண்ணுக்குக் காட்டினால், கேட்பவர் அவ்விரண்டையும் விட்டு ‘த’கரம் போன்ற மூன்றாவதொரு ஓசையைக் கேட்டதாகச் சொல்கிறார். கண்ணும் சேர்ந்தே கேட்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. உதடும் ஒலியும் பிரிந்த படத்தை அரைமணி நேரம் பார்த்தவருக்குக் காரணம் தெரியாமலே அயர்ச்சி உண்டாவதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

கரிசல் பூமியில் இந்த விஷயத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. எட்டயபுரம், விளாத்திகுளம், கழுகுமலை, இடைசெவல் என்று பரந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த நிலத்துக் கிராமங்களில், அம்மன் கொடையையும் வில்லுப்பாட்டையும் கல்யாணத்தையும் கைப்பேசியில் பதிவுசெய்து, பென் டிரைவில் ஏற்றி, பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். பிரிந்த வீட்டாரை ஊரோடு கட்டிவைக்கும் கயிறு அந்தச் சிறு கருவிதான். வில்லுப்பாட்டில் புலவரின் வீசுகோல் நாணின்மேல் விழுகிற அதே கணத்தில் மணியோசை எழவேண்டும். கோல் விழுந்து, உயர்ந்து, மறுபடியும் விழப்போகிற நேரத்தில் முதல் அடியின் ஓசை வந்து சேருமானால், தாளமே பிழைத்துவிட்டதாகத் தோன்றும். கலைஞர் செய்யாத குற்றம் அவர் தலையில் விழுகிறது.

இந்தத் தொல்லை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1927-இல் அமெரிக்காவில் பேசும் படம் புகழ்பெற்றபோது ஒலி தனியே இசைத்தட்டில் இருந்தது. படச்சுருள் அறுந்து ஃப்ரேம் எனப்படும் சட்டங்கள் சில வீணானால், அதே எண்ணிக்கையில் கறுப்புச் சட்டங்களை ஒட்டி ஈடுகட்டாவிட்டால், அங்கிருந்து கடைசிவரையில் நடிகர் ஒன்று பேச ஒலி வேறொன்று பேசும். பின்னர் ஒலியைச் சுருளின் ஓரத்திலேயே பதித்தார்கள்; அப்போதும் ஒரு நுட்பமான சிக்கல் எஞ்சி நின்றது. ஒளிக்கதவின் முன்னால் சுருள் விநாடிக்கு 24 தடவை நின்று நின்று நகரவேண்டும். ஒலியைப் படிக்கும் இடத்திலோ அது சற்றும் தடங்கலின்றி வழுக்கி ஓடவேண்டும். இரண்டும் ஓரிடத்தில் நடக்க இயலாது. ஆகவே 35 மில்லிமீட்டர் சுருளில் ஒவ்வொரு காட்சிக்குரிய ஒலியையும் சுமார் 20 சட்டங்களுக்கு முன்னால் அச்சிட்டார்கள். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஆபரேட்டர் விடும் வளைவு சரியான அளவில் இருந்தால்தான் உதடும் சொல்லும் ஒட்டும். இரண்டு சட்டம் கூடினாலோ குறைந்தாலோ 83 மில்லி விநாடி தவறிப்போகும். கொட்டகைக் கீற்றுக்கடியில் மணல் குவித்து உட்கார்ந்து டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த நம் பெரியவர்களின் இன்பம், முகமறியாத ஒரு மனிதரின் விரலளவு கவனத்தில் அடங்கியிருந்தது. அந்தக் கைத்திறனை யாரும் போற்றி எழுதாமல் விட்டது நம்முடைய குறை.

தொலைக்காட்சி வந்த காலத்தில் இந்தப் பிரச்சினை மறைந்தே போயிற்று. 2006 முதல் தமிழக அரசு வீடுதோறும் வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் கண்ணாடிக் குழாய் கொண்டவை. வந்த மின் அலைகளை அவை வந்தவண்ணமே திரையில் வரைந்துவிடும். காத்திருப்பு என்பதே அவற்றில் இல்லையென்று சொல்லலாம். இன்றைய தட்டைப் பெட்டியோ ஒவ்வொரு சட்டத்தையும் முழுவதும் வாங்கி வைத்துக்கொண்டு, அளவைப் பெருக்கி, புள்ளிகளைத் துடைத்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவே இல்லாத சட்டத்தைக் கற்பனையாக உண்டாக்கி, அதன் பிறகே திரைக்கு அனுப்புகிறது. இதற்குள் படம் பல பத்து மில்லி விநாடிகள் பிந்திவிடுகிறது. சில பெட்டிகளில் நூறையும் தாண்டுகிறது. பெட்டியின் சொந்த ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை அதே அளவுக்குப் பெட்டியே நிறுத்திவைத்து ஒட்டவைத்துவிடும். ஒலியை வெளியே எடுத்து ஹோம் தியேட்டருக்கோ பழைய ஆம்ப்ளிஃபயருக்கோ கொடுக்கும்போதுதான் அந்த ஏற்பாடு குலைந்து ஒலி முந்திக்கொள்கிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரில் கதை தலைகீழ்: ஒலியைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் அது பிந்திப்போகிறது, தாமதம் கால் விநாடியை நெருங்குவதும் உண்டு.

ஆகையால், படத்தைத் திருத்தப் புகுமுன் குற்றவாளி யாரென்று நிச்சயிக்கவேண்டும். அதே கோப்பை ஒரு கைப்பேசியிலோ கணினியிலோ அதன் சொந்த ஸ்பீக்கரில் ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருந்தால் கோப்பின்மேல் குற்றமில்லை. பிறகு தொலைக்காட்சியில், வெளி ஸ்பீக்கர் எதுவுமில்லாமல் ஓட்டுங்கள். கடைசியாக ஸ்பீக்கரை இணைத்துப் பாருங்கள். எந்தப் படியில் பிரிவு தோன்றுகிறதோ அந்தப் படியில்தான் நோய் இருக்கிறது. கோப்பின்மேல் சந்தேகம் வந்தால், கேட்டேயாகவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு. என் அபிப்பிராயத்தில் இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோல் அதுவே. படத்தின் தொடக்கத்தில் இருந்த இடைவெளியும் முடிவில் இருக்கும் இடைவெளியும் ஒன்றா, அல்லது போகப்போக வளர்கிறதா? இதைக் கேளாமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருப்பவர் பத்தாவது நிமிஷத்தில் ஒட்டவைத்ததை ஐம்பதாவது நிமிஷத்தில் இழந்துவிடுவார்.

மாறாத இடைவெளிக்கு மருந்து சுலபம். ஒலி முந்தினால், தொலைக்காட்சியின் ஒலி அமைப்புகளிலோ ஹோம் தியேட்டரிலோ ‘ஆடியோ டிலே’, ‘ஏவி சிங்க்’, ‘லிப் சிங்க்’ என்ற பெயர்களில் ஒன்று இருக்கும். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பெட்டியின் ‘கேம் மோடு’ என்ற அமைப்பைத் தேர்ந்தால் படத்தை மெருகிடும் வேலைகள் பெரும்பாலும் நின்று, திரையின் தாமதமே குறைந்துவிடும். ஒலி பிந்தினால், வந்துசேராத ஒலியை எந்தப் பெட்டியாலும் விரைவுபடுத்த முடியாது. ப்ளூடூத்தைக் கைவிட்டுக் கம்பியால் இணைப்பதே உத்தமம். கோப்பை இயக்கும் மென்பொருளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. முழுக் கோப்பும் கைவசம் இருப்பதால் அதனால் ஒலியை முன்கூட்டியே எடுத்துத் தரமுடியும். விஎல்சி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவோர் ‘ஜே’ விசையை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி முன்னே வரும். ‘கே’ விசையை அழுத்தினால் அதே அளவு பின்னே போகும். ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியிலும் அதை நிறுவிக்கொள்ளலாம்.

வளர்ந்துகொண்டே போகும் இடைவெளி வேறு ஜாதி நோய். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டம். நம் தொலைக்காட்சி முறையோ 25. ஒன்றுக்குரிய ஒலியை மற்றொன்றுக்குரிய படத்தோடு இணைத்துவிட்டால், இரண்டரை மணிநேரப் படத்தில் ஆறு நிமிஷம் தவறிவிடும். இது எளிதில் கண்ணில் படும். இதைவிட வஞ்சகமானது 24-க்கும் 23.976-க்கும் உள்ள வித்தியாசம். 1953-இல் அமெரிக்கர்கள் கறுப்பு வெள்ளை ஒளிபரப்பில் வண்ணத்தைச் சேர்த்தபோது, வண்ண அலையும் ஒலி அலையும் ஒன்றையொன்று கெடுக்காதிருக்க, விநாடிக்கு 30 சட்டம் என்பதை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்தக் குறைவு திரைப்படத்துக்குரிய கோப்புகளிலும் தொற்றிக்கொண்டு, மணிக்கு 3.6 விநாடி வீதம் ஒலியையும் படத்தையும் பிரிக்கிறது. கடல்கடந்த நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பு செய்த ஒரு சமரசத்தின் விளைவைக் கோவில்பட்டியில் ஒரு குடும்பம் இன்று அனுபவிக்கிறது.

நம் ஊர்ப் பதிவுகளுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாவது காரணம். கொடை இரவில் வெளிச்சம் போதாதபோது, கைப்பேசி தன் கண்ணை அதிக நேரம் திறந்துவைப்பதற்காக விநாடிக்குரிய சட்டங்களைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. ட்யூப் லைட்டின் பக்கம் திரும்பினால் மறுபடி கூட்டிக்கொள்கிறது. எந்தச் சட்டம் எந்தக் கணத்துக்குரியது என்ற குறிப்பு கோப்பில் உண்டு. அதைப் பொருட்படுத்தாத ஒரு மென்பொருள் எல்லாச் சட்டங்களையும் சம இடைவெளியாக எண்ணித் தொகுத்தால், விடிவதற்குள் புலவரின் வாயும் பாட்டும் வெகுதூரம் விலகிவிடும். ‘ஹாண்ட்பிரேக்’ என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்’ என்பதைத் தேர்ந்து மூலக் கோப்பை முதலில் மாற்றிக்கொண்டு, அதன் பிறகே வெட்டுதல் ஒட்டுதல் முதலியவற்றைச் செய்யவேண்டும். பழைய கல்யாண வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்றும்போதும், இடையிடையே சட்டங்கள் தவறுவதாலும் ஒலிக்கும் படத்துக்கும் கடிகாரம் வெவ்வேறாக இருப்பதாலும் இதே விளைவு நேரும்.

சில சமயம் இடைவெளி படிப்படியாக வளராமல் ஓரிடத்தில் சட்டென்று குதிக்கும். பதிவு 4 ஜிபியை எட்டியதும் துண்டாகிவிட்ட கோப்புகளை ஒட்டிய இடத்தில் அப்படி நேர்வதுண்டு. துண்டுகளைத் தனித்தனியே திருத்தவேண்டும். படம் தத்தித் தத்தி நகர்ந்தால் அது பென் டிரைவின் மந்தகதியாகவோ தொலைக்காட்சியின் சக்திக்கு மீறிய கோப்பாகவோ இருக்கும். எந்த அளவு ஒலியை நகர்த்தினாலும் அது குணமாகாது.

நிரந்தரமாகத் திருத்த விரும்புவோருக்கு ‘எம்கேவி டூல்நிக்ஸ்’ என்ற மென்பொருள் பேருதவி புரியும். படத்தையோ ஒலியையோ மறுபடி சுருக்காமல், தரம் சிறிதும் குறையாமல், ஒலித்தடத்தை இத்தனை மில்லி விநாடி நகர்த்து என்றோ, படத்தின் தடத்தை இந்த விகிதத்தில் நீட்டு என்றோ அதற்குக் கட்டளையிடலாம். சில நிமிஷ வேலைதான்.

கரிசல் வட்டாரப் பேச்சுக்கு அகராதி தொகுத்த கி. ராஜநாராயணன் பிறந்த மண் இது. அந்தப் பேச்சைப் பேசும் முதியவர்களும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவருகிறார்கள். அவர்களைப் பதிவுசெய்யும் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுவே. பதிவு தொடங்கியதும் காமிராவுக்கு முன்னால் ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள்; நிறுத்துவதற்கு முன் இன்னொரு தடவை தட்டுங்கள். கை சேர்கிற சட்டமும் ஓசை எழுகிற புள்ளியும் இரண்டு முனைகளிலும் கிடைத்துவிட்டால், இடைவெளி மாறாததா வளர்வதா என்று பின்னால் வருபவர் எவரும் அளந்து திருத்திக்கொள்ளலாம். திருத்திய பிரதியைப் பென் டிரைவில் கொடுங்கள். மூலக் கோப்பை மட்டும் ஒருபோதும் அழிக்காதீர்கள்.