தொழில் பழகும் பருவம்

பள்ளியிறுதித் தேர்வையோ பட்டத் தேர்வையோ முடித்த இளைஞரிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, 'அடுத்து என்ன வேலைக்குப் போவதாக உத்தேசம்?' என்பதுதான். 'இதுவரை எந்தெந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறாய்?' என்று கேட்பவர் மிக அரிது. பதினெட்டு வயதில் ஒருவருக்குக் கண்ணெதிரே தெரிந்த தொழில்கள் சிலவே. பெற்றோர் செய்வது, ஆசிரியர் செய்வது, மருத்துவர், காவலர், கடைக்காரர், பேருந்து நடத்துநர் ஆகியோர் செய்வது: ஏறக்குறைய இத்துடன் பட்டியல் முடிந்துவிடும். குளிர்பதனக் கிடங்கில் என்ன நடக்கிறது, மின்மாற்றியைப் பழுது பார்ப்பவர் காலையில் முதலில் எதைச் சோதிக்கிறார், நிலஅளவையாளரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பவையெல்லாம் அவருக்கு வெறும் பெயர்கள். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதற்குமான தொழிலைத் தேர்ந்தெடுக்குமாறு அவரை நாம் வற்புறுத்துகிறோம்.

2023-24ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகையில் 10.2 சதவீதத்தினர் வேலையற்றிருந்தனர். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த விகிதம் 3.2 சதவீதமே. இளம் வயதில் வேலையின்மை மிகுவதற்கு, வேலைகள் போதிய அளவில் இல்லை என்பது முதற் காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை தருபவர் அனுபவம் கேட்பதும், அனுபவம் பெறுவதற்கு வேலை தேவைப்படுவதும் இளைஞரை ஒரு வட்டத்தில் நிறுத்திவிடுகின்றன என்பதும் அதே அளவு உண்மை. இந்த வட்டத்தை உடைப்பதற்கென்றே நம் நாடு கடந்த எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல முயற்சிகளைச் செய்து பார்த்திருக்கிறது.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஆதாரக் கல்வி என்ற பெயரில் அது பரவிற்று. 1964-66இல் அமைந்த கோத்தாரி கல்விக் குழு, வேலை அனுபவம் எல்லா நிலைக் கல்வியிலும் பிரிக்க முடியாத பகுதியாக வேண்டும் என்றது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு, சமுதாயத்திற்குப் பயன் தரும் ஆக்கப்பணியைப் பாடவேளையிலேயே சேர்க்குமாறு பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு, தமிழ்நாட்டைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான குழு, மேல்நிலை வகுப்புகளில் தொழிற்கல்வியின் இடத்தை ஆராய்ந்தது. பரிந்துரைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நடைமுறையிலோ, பல பள்ளிகளில் அந்தப் பாடவேளை சுண்ணக்கட்டி செய்வதிலும் மெழுகுவத்தி வார்ப்பதிலும் சுருங்கி, தேர்வு நெருங்கியதும் கணித ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தது. மதிப்பெண் இல்லாத வேலைக்கு மதிப்பும் இல்லாமற் போனதில் வியப்பில்லை.

இந்த வரலாற்றில் மற்றொரு நிகழ்ச்சியையும் அலுவலர்கள் மறக்கலாகாது. 1953இல் சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் தம் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்னும் மாற்றுக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்ற அதைப் பெரியாரும் பிறரும் கடுமையாக எதிர்த்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அன்று எழுந்த எதிர்ப்பு கைத்தொழிலின் மேல் கொண்ட வெறுப்பினால் எழுந்ததன்று. சவரத் தொழிலாளியின் மகன் கத்தியையும், சலவைத் தொழிலாளியின் மகள் வெள்ளாவிப் பானையையும் மீண்டும் பற்றிக்கொள்ள வேண்டியதுதானா என்பதே கேள்வி. பிறந்த வீட்டின் தொழிலையே பழகுவது அனுபவமாகலாம். ஆனால் அதில் தேர்வு இல்லை. இளம் பருவத்தில் புதிய தொழில்களை முயன்று பார்ப்பதன் பயனே, வீட்டு வாசலுக்கு அப்பாலுள்ள தொழில் ஒன்று தம் கைக்கு வருமா என்று அறிவதில்தான் இருக்கிறது. தொழில் பழகுநர் சட்டத்தில் 1973இல் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும், பின்னர் 2007இல் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட்டதன் பொருளும் இதுவே.

அந்தச் சட்டத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1961இல் இயற்றப்பட்ட தொழில் பழகுநர் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகளில் ஏற்கனவே உள்ள எந்திரங்கள், கருவிகள், கைதேர்ந்த தொழிலாளர் ஆகிய மூன்றையும் இளைஞரின் பயிற்சிக்குப் பயன்படுத்துவதே அதன் அடிப்படைக் கருத்து. முதலில் பிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீசியன் போன்ற தொழிற்பிரிவுகளுக்கு உரியதாயிருந்த சட்டம், 1973இல் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும், 1986இல் மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தோரையும், 2014இல் பொறியியல் சாராத பட்டதாரிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2019ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் தம் பணியாளர் தொகையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்று வரையறுக்கப்பட்டது.

பழகுநர் என்பவர் தொழிற்கூடத்தில் உண்மையில் எதைக் கற்கிறார்? பிட்டர் பிரிவையே எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவரிடம் ஓர் இரும்புக் கட்டையையும் அரத்தையும் கொடுத்து, மேற்பரப்பைச் சமதளமாக அராவும்படி சொல்வார்கள். கேட்பதற்கு இது எளிய வேலை. ஆனால் புதியவரின் கை அரத்தைத் தள்ளும்போது தன்னையறியாமல் ஏற்றஇறக்கமாக ஆடும். விளைவு, கட்டையின் ஓரங்கள் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நிற்கும். அதன்மேல் மூலைமட்டத்தை நிறுத்தி வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தால், இடைவெளியில் கசியும் ஒளி குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். கால்களை எவ்வளவு அகற்றி நிற்பது, உடலின் பாரத்தை எப்போது முன்னே சாய்ப்பது, திரும்ப இழுக்கும்போது அழுத்தத்தை எப்படித் தளர்த்துவது என்பவற்றைப் பல நாள் செய்து செய்தே கை அறிகிறது. பின்னர் வெர்னியர் அளவி 0.02 மில்லிமீட்டரையும், திருகு அளவி 0.01 மில்லிமீட்டரையும் காட்டும்போது, அந்த எண்கள் அவருக்குப் புத்தகத்துச் செய்தியாகத் தோன்றுவதில்லை. இதைப் பழகிய சிலர், இத்தொழில் தமக்கு ஒத்துவராது என்றும் அந்த நாட்களிலேயே தெரிந்துகொள்கிறார்கள். அதுவும் ஒரு பயனே என்பது என் கருத்து. ஐந்தாண்டு கழித்துத் தெரிவதைவிட ஐந்து வாரத்தில் தெரிவது குடும்பத்துக்கும் நாட்டுக்கும் செலவு குறைந்தது.

ஆயினும் முயன்று பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை யார் கொடுப்பது என்பதிலேதான் திட்டங்கள் வெல்வதும் தோற்பதும் முடிவாகின்றன. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை ஓராண்டு ஊதியமின்றி ஒரு வழக்குரைஞரிடமோ கட்டடக் கலைஞரிடமோ இருந்து பழகலாம். கூலிக்குச் செல்லும் தாயின் மகனுக்கு அந்த ஓராண்டு என்பது வீட்டுக்கு வராமற்போன பன்னிரண்டு மாத வருமானம். 2019இல் திருத்தப்பட்ட விதிகள், பழகுநருக்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகையைப் படிப்பின் தகுதிக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தன. 2016இல் தொடங்கிய தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் என்னும் உச்ச வரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்றது. 2025 மே மாதத்தில் மத்தியத் தொழில் பழகுநர் குழுமம், உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தி 6,800 முதல் 12,300 ரூபாய் வரை ஆக்கப் பரிந்துரைத்தது. ஆறு ஆண்டு விலையேற்றத்துக்குப் பின் வந்த பரிந்துரை என்பதை நினைவிற்கொண்டால், அதைத் தாராளம் என்று சொல்வதற்கில்லை.

2024 அக்டோபரில் வெள்ளோட்டமாகத் தொடங்கிய பிரதமர் உள்ளுறைப் பயிற்சித் திட்டத்தின் முதற் சுற்று இதற்கு நல்ல பாடம். முழுநேரப் படிப்பிலோ வேலையிலோ இல்லாத, 21 முதல் 24 வயது வரையுள்ள இளைஞருக்குப் பெரிய நிறுவனங்களில் பன்னிரண்டு மாதப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். மாத உதவித்தொகை 5,000 ரூபாயும், ஒருமுறை மானியமாக 6,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் 82,000க்கு மேற்பட்ட இடங்களை இளைஞருக்கு அளிக்க முன்வந்தன. இறுதியில் சேர்ந்தவர்களோ ஏறத்தாழ 8,700 பேர்தாம். பயிற்சி இடம் தொலைவில் இருந்தது, வேலையின் தன்மை பிடிக்கவில்லை, காலம் நீண்டது என்பன அரசு தெரிவித்த காரணங்கள். இவற்றுள் முதற் காரணத்தின் பின்னே வாடகையும் சாப்பாட்டுச் செலவும் இருக்கின்றன என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. அந்நிய நகரில் ஓர் அறையின் ஒரு பங்குக்கு வாடகை கொடுத்து, இரு வேளை உணவும் பேருந்துக் கட்டணமும் போக, 5,000 ரூபாயில் மிஞ்சுவது என்ன? பெண்களுக்குப் பாதுகாப்பான விடுதி கிடைப்பது இன்னும் கடினம். இளைஞர் ஆர்வமின்றி இருக்கிறார்கள் என்று முடிவு கட்டுமுன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

மறுபுறம், பயிற்சி என்ற பெயரில் மலிவான உழைப்பைப் பெறும் ஆபத்தும் உண்டு. சட்டத்தின் பார்வையில் பழகுநர் ஒரு பயிலுநரே ஒழிய தொழிலாளி அல்லர். ஆகவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவரைச் சாரா. எனினும் அவர் முற்றிலும் காப்பற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது. தொழிற்சாலைப் பயிற்சியில் உள்ளவருக்கு உடல்நலம், பாதுகாப்பு, நலவசதி பற்றிய ஏற்பாடுகள் பொருந்தும். பயிற்சியின்போது விபத்தில் காயமுற்றால் இழப்பீடு உண்டு. பயிற்சியின் முன்னேற்றத்தைப் பதிவு செய்து வைப்பதும் நிறுவனத்தின் கடமை. இந்தப் பதிவேட்டைத்தான் ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் முதலில் கேட்டு வாங்க வேண்டும். ஆறு மாதமாக ஒருவர் சரக்கு ஏற்றுவதிலும் தரை பெருக்குவதிலும் வைக்கப்பட்டிருந்தால், பதிவேடு ஒன்று வெறுமையாக இருக்கும், அல்லது எல்லாப் பக்கமும் ஒரே மையில், ஒரே நாளில் எழுதப்பட்டிருக்கும். சட்டத்தை மீறிய நிறுவனத்தாருக்கு விதிக்கத்தக்க சிறைத் தண்டனையை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. நிறுவனங்களின் தயக்கத்தைப் போக்க அது வேண்டியிருக்கலாம். ஆனால் தண்டனை தளர்ந்த இடத்தில் நேரடி ஆய்வு கூடியாக வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயமா என்பது பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி. நிச்சயமில்லை. பழகுநருக்கு வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டம் விதிக்கவில்லை. ஆயினும் மற்றத் தகுதிகள் சமமாயிருக்குமிடத்தில் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று 1995இல் உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தேர்வெழுதித் தேறுபவர் பெறும் தேசியப் பழகுநர் சான்றிதழுக்கும் வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு.

இடையில் விலகுபவரின் நிலைதான் கவலைக்குரியது. எட்டு மாதம் பழகிவிட்டு, குடும்பச் சூழ்நிலையினாலோ மனம் ஒவ்வாமையினாலோ விலகும் இளைஞரின் கையில் அந்த எட்டு மாதத்துக்குச் சாட்சியாக ஒரு தாள்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊரார் வாயில் அவர் 'எதிலும் நிலைக்காதவர்' ஆகிவிடுகிறார். 1979இல் தொடங்கி 1999இல் வேறு திட்டத்துடன் இணைக்கப்பட்ட, டிரைசெம் என்று அழைக்கப்பட்ட ஊரக இளைஞர் சுயதொழில் பயிற்சித் திட்டத்தையும் இதே அளவுகோலால்தான் அளந்தோம். பயிற்சி பெற்றவருள் பலர் அதே தொழிலில் நிலைக்கவில்லை என்பது அதன்மேல் சுமத்தப்பட்ட பெருங்குறை. சந்தையைப் பாராமல் ஒரே வகைப் பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தது தவறுதான். ஆனால் தையல் பழகிய பெண் கடைக் கணக்கு எழுதச் சென்றால், அவர் கற்ற அளவெடுப்பும் பேரம் பேசும் திறனும் அவருடனேயே செல்கின்றன. நம் புள்ளிவிவரப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 2023இல் வெளியான தேசிய வரவுக் கட்டமைப்பு, ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றலை 40 வரவுகளாகக் கணக்கிட்டு, வேலை அனுபவத்தையும் அதில் சேர்க்க வழி செய்கிறது. இதை நேர்மையாக நடைமுறைப்படுத்தினால் இடையில் விலகியவரின் எட்டு மாதமும் கணக்கில் ஏறும்.

செலவு மிகாத வாயில்களும் உள்ளன. 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவருடன் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், ஆண்டுக்கு 120 மணி நேரத் தொண்டையும் ஏழு நாள் சிறப்பு முகாமையும் கொண்டது. கிணற்று நீரைச் சோதிப்பதும், வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பதும், ஐம்பது பேருக்குச் சமையல் நிர்வாகம் செய்வதும் அங்கே கிடைக்கும் அனுபவங்கள். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பையின்றித் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் மாணவர் பழக வேண்டும் என்கிறது. மாணவரை அவரவர் குலத்தொழிலுக்கே அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலைமையாசிரியருடையது.

இனிச் செய்ய வேண்டியவற்றுள் முந்தியது ஒரு சிறிய செயல். ஒரு மாதத்துக்கான உதவித்தொகையை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று பழகுநர் விதிகளில் எழுதியிருக்கிறது. முதன்முதலாக ஊரைவிட்டு வந்து அறை எடுத்துத் தங்கும் இளைஞருக்கு முதல் மாதத் தொகை கைக்கு வர நாற்பது நாள் ஆகலாம். வாடகையும் முன்பணமும் முதல் நாளே கேட்கப்படுகின்றன. சேரும் நாளிலேயே ஒரு மாதத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, பின்னர்ச் சிறு தவணைகளில் கழித்துக்கொள்ள நிறுவனங்களுக்கு ஊக்கம் தருவது, மாவட்ட அளவிலேயே பேசி முடிக்கக்கூடிய காரியம்.