வால்வுகளின் காலக் கணக்கு

மோட்டார் வண்டியொன்று மேட்டில் ஏறத் தயங்குகிறது. நின்றவிடத்தில் ஓடும்போதும் சீராக ஓடவில்லை. பட்டறையில் ஒருவர், “டைமிங் தவறிவிட்டது” என்கிறார். அவர் கூற்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், உண்மையென்று எவ்வாறு நிறுவுவது? இதனை ஒரு புகழ்பெற்ற பழைய எஞ்சினைக் கொண்டு ஆராய்வோம்.

இங்கிலாந்தின் ஜாகுவார் நிறுவனத்தார் 1948-ஆம் ஆண்டில் எக்ஸ்.கே. என்னும் எஞ்சினை வெளியிட்டனர். 1961-இல் வந்த ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் காரில் அதன் 3,781 கன சென்டிமீட்டர் வகை பொருத்தப்பட்டிருந்தது. வரிசையாக ஆறு சிலிண்டர்கள்; அவற்றின் தலைமேல் இரண்டு கேம் தண்டுகள். ஒரு தண்டு, காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உள்ளே விடும் வால்வுகளைத் திறக்கிறது. மற்றது, எரிந்த புகையை வெளியேற்றும் வால்வுகளைத் திறக்கிறது. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது, கேம் தண்டு ஒருமுறை சுற்றவேண்டும். இந்தக் கணக்கைக் காப்பவை சங்கிலிகளே.

பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்கு 15 பாகை முன்னரே உள்வால்வு திறந்துவிடுகிறது. பிஸ்டன் கீழ் எல்லையைக் கடந்து, கிராங்க் தண்டு மேலும் 57 பாகை சுற்றிய பின்னரே மூடுகிறது. ஏன் இந்தத் தாமதம்? விரைந்து வரும் காற்று உடனே நின்றுவிடுவதில்லை. பிஸ்டன் திரும்பி மேலேறத் தொடங்கிய பின்னும் அது தன் வேகத்தாலேயே உள்ளே புகுந்துகொண்டிருக்கும். அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவே வால்வு சற்றுத் தாமதித்து மூடுகிறது.

சங்கிலி தேய்ந்து நீண்டாலும், எஞ்சினின் தலையைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது பற்சக்கரம் இடம் மாறினாலும், இந்தக் கணக்குப் பிழைபடும். உள்வால்வு மேலும் தாமதித்து மூடினால், ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையையே வெளியே தள்ளிவிடும். அழுத்தம் குறையும், குறைந்த வேகத்தில் இழுவை தளரும்.

ஆனால், மாணவர்களே, இந்தக் குறிகள் காலப் பிழைக்கு மட்டுமே உரியவை அல்ல. தீப்பொறி தாமதித்தாலும் இழுவை தளரும். கார்புரேட்டர் சீர்கெட்டாலும் ஓட்டம் குலையும். ஆகவே எளிய சோதனைகளை முதலில் செய்து, அருமையானதைக் கடைசியில் செய்யவேண்டும்.

முதலில் தீப்பொறியின் நேரத்தைச் சரிபார்க்கலாம். அடுத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கலாம். ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், குற்றம் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் வால்விலோ வளையத்திலோ இருக்கும். ஆறிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால், காலப் பிழையை ஐயுறலாம். அப்போதும் முடிவு கட்டிவிடலாகாது. வளையங்கள் யாவும் தேய்ந்திருக்கவும் கூடும். சிலிண்டருள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், தேய்ந்த வளையமாயின் அழுத்தம் ஏறக் காணலாம்.

பின்னர் வால்வு இடைவெளிகளைப் பார்க்கவேண்டும். எஞ்சின் குளிர்ந்த நிலையில், உள்வால்வுக்கு 0.004 அங்குலமும் வெளிவால்வுக்கு 0.006 அங்குலமும் இருத்தல் வேண்டும். இடைவெளியே இல்லாத வால்வு முற்றும் மூடாது. அங்கும் அழுத்தம் கசியும்.

இவ்வளவும் சரியாயிருந்து ஐயம் நீங்காவிடில், கேம் தண்டுகளின் மூடிகளைத் திறக்கலாம். ஜாகுவார் நிறுவனத்தார் இந்த எஞ்சினின் சிலிண்டர்களைப் பின்னிருந்து எண்ணினர். முன்னால் இருப்பதே ஆறாவது. கிராங்க் தண்டை அது ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பி, ஆறாவது பிஸ்டனை அழுத்த வீச்சின் மேல் எல்லையில் நிறுத்தவேண்டும். எல்லையைத் தாண்டிவிட்டால், சற்று அதிகமாகவே பின்னுக்குத் திருப்பி, மறுபடியும் முன்னோக்கி வரவேண்டும். இல்லையேல் சங்கிலியின் தளர்ச்சி நம்மை ஏமாற்றிவிடும். ஒவ்வொரு கேம் தண்டிலும் ஒரு வெட்டு உண்டு. அதற்கென அமைந்த அளவுத் தகடு அவ்வெட்டில் சரியாக அமர்ந்தால், அத்தண்டின் கணக்குச் சரியே. அமரவில்லையெனில் பிழை உறுதியாயிற்று.

திருத்தும்போது ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. சங்கிலி இணைப்பு விடுபட்டிருக்கையில், கேம் தண்டையோ கிராங்க் தண்டையோ மனம்போனபடி திருப்பக்கூடாது. திறந்துநிற்கும் வால்வுகள் ஒன்றோடொன்று மோதலாம், பிஸ்டனிலும் இடிபடலாம். ஒரு நொடிப் பொறுமையின்மையால் வால்வு வளைந்துபோகும். திருத்தி முடித்த பின்னும், உடனே ஓட்டாமல், கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்துத் தகட்டை மீண்டும் வைத்துச் சோதிக்கவேண்டும். இடையில் சிறிது தடை தட்டுப்பட்டாலும் கையை நிறுத்திவிடவேண்டும்.

“டைமிங் தவறிவிட்டது” என்று முதலில் சொன்னவர், முடிவில் சரியாகவே சொல்லியிருக்கலாம். ஆயினும் அவர் சொன்னது ஊகம். தகடு காட்டியது சான்று. ஊகத்தை நம்பி எஞ்சினைப் பிரித்தவர், தீப்பொறியின் நேரத்தில் இருந்த சிறு பிழைக்காகப் பல நாள் உழைப்பை வீணாக்கியிருப்பார். உங்கள் ஆய்வுக்கூடத்திலும் இதே முறை பொருந்தும். நாம் கருதியது பொய்யாயின் அதைக் காட்டிக்கொடுக்கவல்ல சோதனையைத் தேடிச் செய்யுங்கள். அதன் பிறகே கருவியில் கைவையுங்கள்.